இராயபுரத்துத் தீக்கோயிலும் ஜரதுஷ்டிரர் காலமும்

1. முன்னுரை

வடகாஞ்சி எனப் போற்றப்பெறும் மீஞ்சூரிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாகச் சென்னைத் துறைமுகத்தை நோக்கி வரும் இருப்புப்பாதை, பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நிலப்பகுதியை ஊடறுத்துச் செல்கின்றது. திருவொற்றியூரில் தேவார மூவராலும் பாடப்பெற்ற திருக்கோயில் உள்ளது. இராயபுரமோ தன் பெயரையே இராயப்பராகிய புனித பேதுருவிடமிருந்து பெற்றது என்பர். அவ்விராயபுரத்தில், மேற்கு மாதா கோயில் தெருவில், தமிழகத்தில் உள்ள ஒரே பார்சித் தீக்கோயில் அமைந்துள்ளது. அங்கே வழிபடுவோர் தம்மை 'ஜரதோஸ்தி' என்று கூறிக்கொள்வர். ஜரதுஷ்டிரர் வழியினர் என்பது அதன் பொருள்.

இந்த ஜரதுஷ்டிரர் யார்? எக்காலத்தவர்? எந்நாட்டவர்? இன்று இராயபுரத்தில் நிகழும் வழிபாட்டில் அவரிடமிருந்தே நேரே வந்தது யாது? பிற்காலத்தார் சேர்த்தது யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அயல்நாட்டுச் சமயத் தலைவர் ஒருவரைப் பற்றிய ஆராய்ச்சி தமிழ்த்துறை இதழுக்கு எவ்வாறு உரியதாகும் என்று சிலர் ஐயுறலாம். இலக்கியச் சான்று, மரபுவழிச் செய்தி, கல்வெட்டு ஆகிய மூன்றும் தம்முள் முரணும்பொழுது எதனை மேற்கொள்வது என்பது தமிழ் இலக்கிய வரலாற்றின் நீங்காத வினா. அவ்வினாவிற்கு நம் மொழிக்குப் புறத்தேயிருந்து கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு ஜரதுஷ்டிரர் கால ஆராய்ச்சியாகும். ஆகலின் இது நமக்கும் உரியதே.

2. இராயபுரத்துப் பார்சியர்

கி.பி. 651இல் சாசானியப் பேரரசின் இறுதி மன்னன் மூன்றாம் யஸ்தகிர்து கொலையுண்டான். அதன்பின் பாரசீகத்தில் பழைய சமயம் படிப்படியாகத் தாழ்வுற்றது. அச்சமயத்தாருள் ஒரு சாரார் கடல் கடந்து குசராத்துக் கரையை அடைந்தனர். இவ்வருகையைக் கூறும் 'கிஸ்ஸா இ சஞ்சான்' என்னும் பாரசீகச் செய்யுள் நூல் கி.பி. 1600ஐ ஒட்டி எழுதப்பெற்றது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. அதனாலேயே வருகைக்கு 716, 785, 936 எனப் பல ஆண்டுகளை அறிஞர் கூறுவர். அவர்தம் முதன்மைத் தீயான 'ஈரான்ஷா' 1742 முதல் உத்வாடாவில் காக்கப்பெற்று வருகின்றது.

சென்னைக்குப் பார்சியர் வந்தது மிகப் பிற்பட்ட காலத்தில் ஆகும். 1795இல் குடகிலிருந்து வந்த சிறு குழுவினர் இராயபுரத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர் என்பது அச்சமூகத்தார் பேணிவரும் செய்தி. 1876இல் அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. எனினும் நிலையான தீக்கோயில் நெடுங்காலம் இல்லை. பிரோஜ் கிளப்வாலா என்பார், இளமையில் இறந்த தம் மகன் ஜாலின் நினைவாகப் பொருளுதவி செய்ய, 1910இல் இன்றைய கோயில் எழுந்தது. 'ஜால் பிரோஜ் கிளப்வாலா தரெ மெஹர்' என்பது அதன் பெயர். அவ்வாண்டில் ஏற்றப்பெற்ற தீ அணையாது பேணப்பெற்று வருகின்றது. பிற சமயத்தார் உள்ளே புகுதல் இல்லை.

ஆகவே இராயபுரக் கட்டடம் 20ஆம் நூற்றாண்டினது. சென்னையில் அச்சமூகத்தின் வாழ்வு இரு நூற்றாண்டினும் சிறிது மிக்கது. இந்தியாவிற்கு அவர்கள் வந்தது ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டு எல்லைக்குட்பட்டது. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட முதல்வரை அறிய வேண்டுமாயின் கட்டடத்தை விடுத்து நூலுக்குச் செல்லுதல் வேண்டும்.

3. சான்று நூல்களின் அடுக்குகள்

ஜரதுஷ்டிரரைப் பற்றிப் பேசும் நூல்களை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் கொள்ளலாம்.

முதல் அடுக்கு காதைகள். இவை பதினேழு பாடல்கள். யாப்பு வகையால் ஐந்து தொகுதிகளாகப் பகுக்கப்பெற்றவை. எழுபத்திரண்டு இயல்கள் கொண்ட 'யஸ்ன' என்னும் வழிபாட்டு நூலின் நடுவே இவை பொதிந்துள்ளன. 28 முதல் 34 வரையும், 43 முதல் 51 வரையும், 53ஆம் இயலும் காதைகளாம். 'காதா' என்ற சொல் அவெஸ்தாவிற்கும் வடமொழிக்கும் பொது. சிலம்பிலும் மேகலையிலும் நூற்பகுதிகளுக்குப் பெயராகிய 'காதை'யும் அச்சொல்லின் வழியினதே என்பர்.

இரண்டாம் அடுக்கு பிற்கால அவெஸ்தா. யஸ்னத்தின் ஏனைய பகுதிகளிற் பெரும்பாலானவையும், 'யஷ்த்து' என்னும் துதிகளும், தூய்மை விதிகளைக் கூறும் 'விதேவ்தாத்'தும் இதில் அடங்கும். மொழி காதைகளின் மொழியினும் இளையது.

மூன்றாம் அடுக்கு பஹ்லவி நூல்கள். 'தேன்கர்து', 'புந்தஹிஷ்ன்' முதலிய இவை பெரும்பாலும் கி.பி. 9ஆம் நூற்றாண்டையொட்டி இன்றைய வடிவம் பெற்றன. பஹ்லவி தமிழகம் அறியாத மொழியன்று. பறங்கிமலையில் 1547இல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைச் சூழ்ந்துள்ள எழுத்தும் பஹ்லவியே. எனினும் அது கிறித்தவர் பொறித்தது. மொழி ஒன்றாதலால் சமயமும் ஒன்று என்று கொள்ளலாகாது என்பதற்கு அச்சிலுவை சான்று.

இவ்வடுக்குகளைப் பிரித்துணர்ந்ததே இத்துறையின் பெருவெற்றி. பிரெஞ்சு நாட்டு ஆன்கெதில் துபெரோன் சூரத்துப் பார்சிக் குருமாரிடம் கற்று 1771இல் அவெஸ்தாவை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, யாவும் ஒருவர் வாக்கென்றே கருதப்பட்டன. நேர்யோசங்கர் என்னும் பார்சிக் குரு இடைக்காலத்தில் செய்திருந்த வடமொழி பெயர்ப்பைத் துணைக்கொண்டு புர்னூப் 1833 முதல் யஸ்னத்தை ஆராய்ந்தார். பின்னர்ப் பூனாவில் வடமொழிப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் ஹௌக், காதைகள் மட்டுமே ஜரதுஷ்டிரரின் வாக்கு, ஏனையவை பின்வந்தோருடையவை என்று மொழியியல் நெறியால் காட்டினார். அவர்தம் கட்டுரைத் தொகுதி 1862இல் வெளியாயிற்று.

4. காதைகள் காட்டும் மனிதர்

பஹ்லவி நூல்கள் கூறும் ஜரதுஷ்டிரர் வரலாறு வியப்புகள் நிறைந்தது. பிறந்தவுடன் அழாது சிரித்தார். பகைவர் இழைத்த பல கொடுமைகளினின்றும் குழவிப் பருவத்திலேயே தப்பினார். முப்பதாம் ஆண்டில் ஆற்றங்கரையில் இறைக்காட்சி பெற்றார். பத்தாண்டுகளில் ஒருவரே அவர் வழிப்பட்டார். நாற்பத்திரண்டாம் ஆண்டில் விஷ்டாஸ்பன் என்னும் அரசனைத் தம் நெறிக்கு ஆக்கினார். எழுபத்தேழாம் ஆண்டில் துரானியன் ஒருவனால் கொலையுண்டார் என்பன அவை கூறுவன.

காதைகளிலோ இவற்றுள் எதுவும் இல்லை. அவற்றிற் காணப்படுபவர் தம் தொழிலை அறிந்த ஒரு குருவும் புலவரும் ஆவார். தம்மை 'ஸஓதர்' என்று அவர் குறிக்கின்றார். இருக்கு வேதத்தின் 'ஹோதர்' என்பதே அது. 'மாந்திரன்', அஃதாவது மந்திரம் இயற்றுவோன் என்றும் கூறிக்கொள்கின்றார். அவர் குடிப்பெயர் ஸ்பிதாமர். உறவினன் மைத்யோயிமாங்கன், மகள் பௌருசிஸ்தா, ஹ்வோக்வக் குடியினரான பிரஷஓஷ்டிரன், ஜாமாஸ்பன், துணை நின்ற அரசன் விஷ்டாஸ்பன் ஆகியோர் பெயர்கள் இயல்பாக இடம்பெறுகின்றன. 53ஆம் இயல் அவர் மகளின் திருமணத்தையொட்டி எழுந்தது. கட்டுக்கதை புனைவோர் இங்ஙனம் விளக்கமின்றிச் சுற்றத்தார் பெயரைச் சொல்லிச் செல்லமாட்டார். கேட்போர் அவர்களை அறிந்தவர் என்ற நிலையிலேயே இப்பாடல்கள் எழுந்தன.

46ஆம் இயலின் தொடக்கம் நினைவிற் கொள்ளத்தக்கது. எந்நிலத்திற்குச் செல்வது என்று அவர் கலங்குகின்றார். சுற்றத்தார் கைவிட்டனர், நாட்டுத் தலைவர் ஏற்கவில்லை. தமக்கு ஆனிரையும் ஆளும் குறைவு என்பதே தம் வலியின்மைக்குக் காரணம் என்று இறைவனிடம் முறையிடுகின்றார். வெற்றி பெற்ற சமயத்தின் முதல்வரைப் பாடும் பிற்காலத்தவர் எவரும் இத்தகைய பாடலை அவர் வாயிற் படைத்து வைத்திரார்.

44ஆம் இயலில் மற்றொரு செய்தி உள்ளது. தமக்கு வாக்களிக்கப்பெற்ற பரிசிலாகிய, ஓர் ஆண் குதிரையொடு கூடிய பத்துப் பெண் குதிரைகளையும் ஓர் ஒட்டகத்தையும் பெறுதல் எவ்வாறு என்று வினவுகின்றார். புறத்துறைகளுள் 'பரிசில் கடாநிலை'யைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்விடம் விளக்கம் வேண்டாது. பாடுவோனும் புரப்போனுமாகிய தொடர்பு நிலவிய, ஆனிரையே செல்வமாகிய குலச் சமூகம் ஒன்றனையே இப்பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன.

பெயர்களும் இதனையே வலியுறுத்தும். ஜரதுஷ்டிரர் என்பதன் இறுதியில் நிற்பது 'உஷ்டிர', அஃதாவது ஒட்டகம். பிரஷஓஷ்டிரன் பெயரிலும் அதுவே உள்ளது. விஷ்டாஸ்பன், ஜாமாஸ்பன் என்பவற்றின் இறுதி 'அஸ்ப', அஃதாவது குதிரை. தொல்காப்பிய மரபியல் குறிக்கும் 'ஒட்டகம்' என்ற சொல்லும் வடமொழி 'உஷ்டிர' என்பதிலிருந்து பிராகிருத வழியாக வந்தது என்பர். நகரம், நாணயம், எழுத்து, கோயில், பேரரசு ஆகியவற்றின் குறிப்பு காதைகளில் இல்லை.

அவர் நெறியின் உயிர்நிலை தேர்வு என்பது. இரட்டையராகிய இரு மனவாற்றல்கள் தொடக்கத்தில் நன்மையையும் தீமையையும் தேர்ந்தன என்று 30ஆம் இயல் கூறும். அவ்வாறே ஒவ்வொருவரும் 'அஷ' என்னும் வாய்மையையோ 'துருஜ்' என்னும் பொய்மையையோ தாமே தேர்தல் வேண்டும். அஹுர மஜ்தா ஒருவனே வணங்கத்தக்க பேரிறைவன். வேதத்தில் தேவராகப் போற்றப்படும் இனத்தவர் ஈண்டுத் 'தஏவர்' எனத் தீயோராக விலக்கப்படுகின்றனர். இறந்தார் உயிர் கடக்க வேண்டிய 'சின்வத்' பாலமும் காதைகளிலேயே கூறப்பட்டுள்ளது.

5. இருநூற்றைம்பத்தெட்டு ஆண்டுக் கணக்கு

இனிக் காலத்திற்கு வருவோம். அலெக்சாந்தருக்கு 258 ஆண்டுகள் முன்னர் ஜரதுஷ்டிரர் நெறி தோன்றியது என்பது அச்சமயக் குருமார் வழங்கிய கணக்கு. அல்பிரூனியும் இதனைக் குறித்துள்ளார். பாரசீகப் பேரரசு வீழ்ந்த கி.மு. 330இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கி.மு. 588 கிடைக்கும். இதனைக் கொண்டு அவர் வாழ்நாளை கி.மு. 7ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் வைப்பர். வில்லியம்ஸ் ஜாக்சன் 1899இலும், ஹென்னிங் 1951இலும் இக்கணக்கை ஏற்று வாதிட்டனர். எண் துல்லியமாக இருத்தலின் இதனை உண்மை எனக் கொள்வார் பலர்.

இவ்வெண் எவ்வாறு வந்தது என்பதைப் புந்தஹிஷ்னே காட்டுகின்றது. நெறியை ஏற்ற பின் விஷ்டாஸ்பன் 90 ஆண்டு, வஹ்மன் 112 ஆண்டு, ஹுமாய் 30 ஆண்டு, தாராய் 12 ஆண்டு, தாராயின் மகன் தாராய் 14 ஆண்டு ஆண்டனர் எனக் கூறப்படுகின்றது. இவற்றின் கூட்டுத்தொகையே 258. ஒருவன் 112 ஆண்டு ஆண்டான் என்பது வரலாறு ஆகாது. மேலும், கி.மு. 550 அளவில் சைரஸ் பேரரசை நிறுவியது முதல் மூன்றாம் தாரியன் வீழ்ச்சி வரை பத்துக்கு மேற்பட்ட மன்னர் ஆண்டனர். அவர்களை அறியாது, இறுதித் தாரியன் ஒருவனை மட்டும் நினைவிற்கொண்டு, கதை மன்னரை அவனோடு நேரே பிணைத்துள்ளது இப்பட்டியல். உலக வாழ்வு 12,000 ஆண்டு என்றும், அதன் இறுதி மூவாயிரத்தின் தொடக்கத்தில் ஜரதுஷ்டிரர் தோன்றினார் என்றும் வகுத்த திட்டத்திற்குள் அடங்குமாறு இது அமைக்கப்பட்டது.

நமக்கு இது புதியதன்று. இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் கூறுகின்றது. மூன்றும் 37 என்னும் எண்ணின் மடங்குகளாக அமைந்திருத்தலை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்வுரையால் சங்கம் பற்றிய ஒரு நினைவு நெடுங்காலம் நிலவியது என்பது பெறப்படும். ஆனால் அவ்வெண்களைக் கொண்டு புறநானூற்றின் காலத்தை எவரும் வரையறுப்பதில்லை. எண்ணின் துல்லியம் உண்மையின் அடையாளம் ஆகாது. சில வேளைகளில் அது புனைவின் அடையாளமாதலும் உண்டு.

கிரேக்கர் கூற்றும் ஈண்டு நோக்கத்தக்கது. பிளேட்டோவின் மறைவுக்கு ஆறாயிரம் ஆண்டு முன்னர் வாழ்ந்தவர் என்று யுடாக்சசும் அரிஸ்டாட்டிலும் கருதியதாகப் பிளினி கூறுவர். திராய்ப் போருக்கு ஐயாயிரம் ஆண்டு முற்பட்டவர் என்பது ஹெர்மோடோரசின் கருத்து. இவ்வெண்களும் வரலாறு ஆகா. ஆயின் ஒன்று உறுதி: கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் அவரை மிகப் பழையவராகவே கேள்வியுற்றிருந்தனர். அவர் தமக்கு இருநூறு ஆண்டே முற்பட்டவராயின் இத்தகைய கேள்வி எழுந்திருத்தல் அரிது.

6. ஒரு பெயரால் இருவர்

ஜரதுஷ்டிரரைப் புரந்த விஷ்டாஸ்பனும், பேரரசன் தாரியனின் தந்தையாகிய விஷ்டாஸ்பனும் ஒருவரே என்று ஹெர்ஸ்பெல்டு முதலியோர் வாதிட்டனர். 258 ஆண்டுக் கணக்கிற்கு அரண் போலத் தோன்றியது இக்கருத்து.

இதனை மறுப்பது தாரியனின் கல்வெட்டேயாம். பெஹிஸ்துன் மலைப்பாறையில் அவன் தன் முன்னோரை விஷ்டாஸ்பன், அர்ஷாமன், அரியாரம்னன், சிஷ்பிஷ், ஹகாமனிஷ் என முறையே கூறுகின்றான். அவெஸ்தா மரபிலோ விஷ்டாஸ்பனின் தந்தை அவுர்வதாஸ்பன். இரு குடிவழியும் எங்கும் ஒன்றுபடவில்லை. காதைகளின் விஷ்டாஸ்பன் 'கவி' என்னும் பட்டம் உடையவன். தாரியன் குடியினர்க்கு அப்பட்டம் இல்லை. மேலும், அஹுரமஜ்தாவின் அருளைப் பலகால் போற்றும் தாரியன் கல்வெட்டுகளில் ஜரதுஷ்டிரர் பெயர் ஒருகாலும் வரவில்லை. தன் தந்தையின் அவையிலே வாழ்ந்த பெரியாரை மகன் ஒரு சொல்லாலும் குறியாது விடுவானோ?

பெயரொற்றுமை கொண்டு காலத்தை உறுதிசெய்தல் எத்துணை இடர் உடைத்து என்பதைத் திருவொற்றியூரிலிருந்தே காட்டலாம். அங்குச் சமாதி கொண்டவராகப் போற்றப்படும் பட்டினத்தார் ஒருவரே, பதினோராம் திருமுறைப் பிரபந்தங்களையும் எளிய நடையிலமைந்த பிற்காலப் பாடல்களையும் பாடினார் என்பது மக்கள் வழக்கு. ஆராய்ச்சியாளர் சொல்லையும் நடையையும் நோக்கி, ஒரு பெயரால் வழங்கியவர் ஒருவரல்லர் என்று தெளிந்தனர். அங்ஙனம் பிரித்துக் காட்டியது சமாதியன்று, மொழியே.

7. மொழி கூறும் காலம்

ஜரதுஷ்டிரர் காலத்திற்கும் மொழியே சிறந்த சான்று. காதைகளின் மொழியும் இருக்கு வேத மொழியும் உடன்பிறப்பு மொழிகள். சில ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு ஒன்றின் சொற்களை மற்றொன்றாக மாற்றிவிடலாம். வேதத்தின் 'சோம', 'அசுர', 'சப்த', 'சிந்து' என்பன அவெஸ்தாவில் 'ஹஓம', 'அஹுர', 'ஹப்த', 'ஹிந்து' என வரும். 'யஜ்ஞ' என்பது 'யஸ்ன' ஆகும். 'மந்த்ர', 'மித்ர' என்பன மிகச் சிறிதே வேறுபடும். ஒற்றுமை சொல்லளவில் நின்றுவிடவில்லை. வேற்றுமை உருபுகள், வினைமுற்று விகற்பங்கள், தொடரமைப்பு ஆகியவற்றிலும் இரண்டும் ஒத்துச் செல்கின்றன.

இவ்வினை விகற்பங்களிற் பல பிற்கால அவெஸ்தாவில் மயங்கியும் மறைந்தும் போயின. தாரியன் கல்வெட்டுப் பாரசீகத்திலோ தேய்வு மிகுதி. காதைகள் கி.மு. 588ஐ ஒட்டியன என்று கொண்டால், தாரியன் கல்வெட்டுக்கு (கி.மு. 520 அளவு) எழுபது ஆண்டே முற்பட்டன ஆகும். இத்துணைப் பெரிய மொழி வேறுபாட்டிற்கு அவ்விடைவெளி போதாது.

இதற்கு ஒரு தடை எழுப்புவர். காதைகள் கீழை ஈரானியக் கிளைமொழியில் அமைந்தவை. தாரியனுடையது மேலைக் கிளைமொழி. ஒதுங்கிய நிலப்பகுதியின் பேச்சும் வழிபாட்டு மொழியும் பழமை மாறாதிருத்தல் கூடுமன்றோ என்பதே அத்தடை. இது புறக்கணிக்கத் தக்கதன்று. க்னோலி போன்ற பேரறிஞரும் முன்னர்த் தொன்மைக் காலத்தைக் கொண்டிருந்து, 2000இல் மரபுவழிக் காலத்திற்கே மீண்டனர்.

எனினும் இத்தடைக்கு விடை அவெஸ்தாவிற்குள்ளேயே உண்டு. பிற்கால அவெஸ்தாவும் கீழை ஈரானியமே. அதுவும் வழிபாட்டு மொழியே. அவ்வாறாகவும் அது காதை மொழியினின்றும் பெரிதும் மாறியுள்ளது. பிற்காலக் குருமார் காதை நடையைப் போன்மையாக எழுத முயன்ற பகுதிகளும் உள்ளன; அவற்றில் இலக்கண வழுக்கள் அவர் காலத்தைக் காட்டிவிடுகின்றன. சங்க நடையைப் பின்பற்றிப் பாடும் பிற்காலப் புலவரை ஓர் இடைநிலையோ ஒரு விகுதியோ காட்டிக்கொடுப்பது போன்றதே இது. காதைகளிலோ அத்தகைய வழுவைக் காண்பதற்கில்லை. மேலும், பிற்கால அவெஸ்தாவே மேதியர், அக்கிமேனியர் ஆகியோரின் பேரரசுகளை அறிந்ததாகத் தோன்றவில்லை. ஆகவே அதன் பழைய பகுதிகள் அப்பேரரசுகளுக்கு முற்பட்டவை அல்லது அவற்றின் ஆட்சி பரவாத நிலையில் எழுந்தவை. காதைகள் அவற்றினும் பல நூற்றாண்டு மூத்தவை.

இருக்கு வேதப் பாடல்களைப் பெரும்பாலோர் கி.மு. 1500க்கும் 1000க்கும் இடையே வைப்பர். அதனோடு ஒப்பிட்டுக் காதைகளை கி.மு. 1000ஐ ஒட்டியோ அதற்குச் சில நூற்றாண்டு முன்னரோ வைத்தலே பொருந்துவது. மேரி பாய்ஸ் 1975இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலின் முதல் தொகுதியில் இத்தொன்மைக் கொள்கையை விரிவாக நிறுவினார். இன்று பெரும்பாலான மொழியறிஞர் ஏற்பதும் இதுவே. மரபுவழிக் கணக்கு ஓர் ஆண்டைச் சுட்டித் தருகின்றது. மொழிச் சான்று நூற்றாண்டுகளின் எல்லையையே தருகின்றது. சுட்டிய ஆண்டை விடுத்து அகன்ற எல்லையைக் கொள்ளுதல் இழப்பன்று. அறிந்த அளவே கூறுதல் ஆராய்ச்சியின் அறம்.

8. நாடு

காதைகளில் இடப்பெயர் இல்லை. விதேவ்தாத்தின் முதற் பகுதி அஹுர மஜ்தா படைத்த பதினாறு நாடுகளைக் கூறுகின்றது. 'ஐர்யனம் வஏஜ' என்னும் பழந்தாயகத்தை அடுத்து, சுக்தம், மர்வு, பல்க்கு, ஹெராத்து, ஹரக்வைதி, ஹெல்மந்து முதலிய நிலங்கள் வருகின்றன. இவை இன்றைய ஆப்கானிஸ்தானையும் அதன் வடபால் நடு ஆசியாவையும் சார்ந்தவை. ஹரக்வைதி என்பது 'சரஸ்வதி'யின் ஈரானிய வடிவம். 'ஹப்த ஹிந்து'வாகிய ஏழு ஆற்று நாடும் இப்பட்டியலில் உண்டு. பாரசீகர் தாயகமாகிய பார்சு இதில் இடம்பெறவே இல்லை.

பிற்கால மரபு அவரை மேற்கிலுள்ள அசர்பைசானுக்கும் ராய் நகருக்கும் உரியவராக்கும். சமயத் தலைமை மேலை ஈரானின் மாகியர் கைக்குச் சென்றபோது, முதல்வரின் பிறப்பிடமும் உடன் சென்றது போலும். மொழியும் நிலப்பட்டியலும் கிழக்கையே காட்டுகின்றன. ஆகவே 'பாரசீகத் தீர்க்கதரிசி' என்று அவரை அழைக்கும் வழக்கு, அவர் சமயத்தைப் பின்னர் ஏற்ற நாட்டைக் குறிப்பதேயன்றி அவர் பிறந்த நாட்டைக் குறிப்பதன்று.

9. தீயும் கோயிலும்

இராயபுரத்திற்கு மீள்வோம். அங்கு நடுவிடம் பெற்றிருப்பது தீ. பார்சியரைத் தீ வணங்கிகள் என்று பிறர் கூறும் வழக்கும் அதனால் எழுந்தது. காதைகளில் தீ மஜ்தாவினுடையது, வாய்மையால் வலிபெறுவது, நல்லாரையும் அல்லாரையும் பகுத்துக் காட்டும் அறக்கருவி. ஆயின் தீக்கோயில் என்ற ஒன்று அங்கு இல்லை. குல வாழ்வில் வீட்டு அடுப்பும் வழிபாட்டுக் களமுமே தீயின் இடங்கள்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஹெரடோட்டசு, பாரசீகர் படிமமும் கோயிலும் பலிபீடமும் அமைக்கும் வழக்கம் இல்லாதவர் என்றும், மலையுச்சிகளில் வழிபடுவர் என்றும் எழுதினார். தீக்கோயில் வழிபாடு அக்கிமேனியர் ஆட்சியின் பிற்பகுதியில், கி.மு. 4ஆம் நூற்றாண்டை ஒட்டித் தோன்றியிருத்தல் வேண்டும் என்பது பாய்ஸ் போன்றோர் துணிபு. இன்றைய தீக்கள் 'ஆதஷ் பெஹ்ராம்', 'ஆதரான்', 'தாத்காஹ்' என மூவகைப்படும். பதினாறு வகைத் தீயைத் தூய்மை செய்து ஒன்றாக்கி நிறுவும் முதல்வகைத் தீ இந்தியாவில் எட்டு இடங்களில் மட்டுமே உள்ளது. நாளை ஐந்து பொழுதாகப் பகுத்துப் பொழுதுதோறும் விறகிட்டுத் தீ ஓம்புதல் மரபு. இவையெல்லாம் முதல்வரின் கருத்தில் வேரூன்றிப் பின்னர்க் கிளைத்தவை.

அங்ஙனமாயின் முதல்வரிடமிருந்து நேரே வந்தது எது? அது சொல்லே. பார்சியர் ஒவ்வொருவரும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, இளமையில் சடங்கு செய்து 'குஸ்தி' என்னும் கம்பளி நூற்கயிற்றை அணிவர். யஸ்னத்தின் எழுபத்திரண்டு இயல்களைக் குறிக்க எழுபத்திரண்டு இழைகள் கொண்டது அக்கயிறு. அதனை அவிழ்த்துக் கட்டும்போது ஓதும் 'கெம் நா மஜ்தா' என்னும் வேண்டுதலில், 46ஆம் இயலின் ஏழாம் பாடலும் 44ஆம் இயலின் பதினாறாம் பாடலும் அமைந்துள்ளன. பொய்யன் தீங்கு செய்ய முற்படும்போது உன் தீயையும் மனத்தையும் அன்றி எனக்கு யார் காவல் என்று வினவுவது அதன் கருத்து. எந்நிலம் செல்வேன் என்று தொடங்கிய அதே பாடலின் பகுதி இது என்பது நினையத்தக்கது. நாடு விட்டு நாடு பெயர்ந்த மக்கள், நிலமின்றிக் கலங்கிய தம் முதல்வரின் சொற்களை நாள்தோறும் ஓதி வருகின்றனர்.

இச்சொற்கள் எழுத்தின் துணையால் வந்தனவல்ல. அவெஸ்தாவிற்கென ஐம்பதுக்கு மேற்பட்ட குறியீடுகள் கொண்ட தனி எழுத்து சாசானியர் காலத்திலேதான் வகுக்கப்பெற்றது. நமக்குக் கிடைத்துள்ள ஏட்டுப்படிகளோ 13ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டவை அல்ல. எழுத்து தோன்றுமுன் ஆயிரம் ஆண்டிற்கு மேல் குருவின் வாயிலிருந்து மாணவன் செவிக்கு வந்தவை இவை. யாப்பும் வழிபாடும் காத்தமையால், பொருள் மறந்த சொற்களும் ஒலி திரியாது நின்றன. ஓதுவோர் தாமே பொருள் அறியாது காத்த சொல், பின்னர் ஒப்பியல் மொழிநூலால் விளக்கம் பெற்றது.

10. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. ஜரதுஷ்டிரர் கீழை ஈரானிய நிலத்தில், ஆனிரைச் செல்வம் உடைய குலச் சமூகத்தில், கி.மு. 1000ஐ ஒட்டியோ அதற்கு முன்னரோ வாழ்ந்த குருவும் புலவரும் ஆவார். 258 ஆண்டுக் கணக்கு கதை மன்னர் ஆட்சிகளின் கூட்டல். தாரியனின் தந்தை அவரைப் புரந்தவன் அல்லன். தீக்கோயில் அவர் நெறியின் பிற்கால வளர்ச்சி. காதைகளே அவரது நேர்ச்சான்று.

இதனால் கோயிலின் பெருமை குன்றாது. இந்திய மக்கட்கணக்கின்படி பார்சியர் தொகை 2001இல் 69,601, 2011இல் 57,264. சென்னையில் எஞ்சியோர் சில நூறு பேரே. காதைகளின் நூல்வடிவம் அச்சேறிப் பல மொழிகளில் பெயர்க்கப்பெற்று நிலைத்துவிட்டது. அதற்கு இனி அழிவில்லை. ஆயின் மூவாயிரம் ஆண்டு அச்சொல்லைக் கொண்டுவந்தது நூலன்று. ஓதும் நாவும் கேட்கும் செவியுமே. தேவாரப் பண்முறை ஓதுவார் மரபால் வந்தவாறே காதைகளின் ஒலியும் வந்தது. ஓதுவோர் இன்றேல், எழுத்து இருந்தும் ஒலி இராது. தமிழகத்து மாணவர்க்கு அவெஸ்தா எட்டாத் தொலைவினதன்று. அதனை ஓதுவோர் இராயபுரத்தில் வாழ்கின்றனர். அவர்தம் இசைவு பெற்று, அவர்கள் ஓதும் முறையை அவர்கள் விரும்பும் அளவிற்குப் பதிவுசெய்து வைத்தல், ஒலியியல் பயிலும் நம் மாணவர் மேற்கொள்ளத்தக்க முதற்பணி என்பது நம் கருத்து.